வாசகர் கேள்வி–பதில்: "எங்களுக்கு விலக்கு உண்டு" என்கிறார்களே!

சென்ற இதழில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வீடுகளிலிருந்து கேட்கின்றன: உரிமம் எனக்கு வேண்டுமா, வேண்டாமா? வாசகர்கள் பல நாடுகளில் இருப்பதால் ஒரே நாட்டின் விதியைச் சொல்லி முடித்துவிட இயலாது. ஆகவே, விதிகளுக்கு அடியில் ஓடும் கணக்கை விளக்கி, அது எந்தச் சட்டத்தில் எப்படி வருகிறது என்பதையும் அங்கங்கே காட்டியிருக்கிறேன்.

கேள்வி: என் மூன்று வயது மகனோடு, அக்காவின் இரண்டு பிள்ளைகளையும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும், தோழி ஒருத்தியின் ஒன்றரை வயதுக் குழந்தையையும் என் வீட்டிலேயே பகலில் பார்த்துக்கொள்கிறேன். அக்காவிடம் எதுவும் வாங்குவதில்லை. மற்ற இருவரும் மாதம் ஒரு தொகை தருகிறார்கள். பெயர்ப்பலகை வைக்கவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. இதற்குக்கூடவா உரிமம் வாங்க வேண்டும், அம்மா?

பதில்: பெயர்ப்பலகையை விட்டுவிடுங்கள். அந்தக் குழந்தைகள் உங்களுக்கு என்ன உறவு, மொத்தம் எத்தனை பேர், ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், பதிலுக்கு நீங்கள் என்ன பெறுகிறீர்கள் என்பதைத்தான் உரிமச் சட்டங்கள் பார்க்கின்றன. விலக்கு என்று எங்கே எழுதப்பட்டிருந்தாலும் அது இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ நீங்கள் சொல்லும் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

முதலில் உறவு. அக்காவின் பிள்ளைகளுக்கு நீங்கள் சித்தி. நெருங்கிய உறவினர் பார்த்துக்கொள்வதை ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உரிமத்துக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். ஆனால் யார் உறவினர் என்பதைச் சட்டமே வரையறுத்துவிடுகிறது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி தாத்தா, பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், குழந்தையின் உடன்பிறந்தவர்கள் ஆகியோரே உறவினர்கள். அந்த உறவு திருமணத்தின் வழியாக வந்ததாக இருந்தாலும் ஏற்கிறார்கள். நம் பேச்சில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையும் அத்தைதான். அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் வெளியாள். இந்த ஒரு சொல்லில் இடறி விழுந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டால் மீதி இரண்டு குழந்தைகள், இரண்டு வெவ்வேறு குடும்பங்கள். இங்கேதான் உங்கள் நிலை மாறுகிறது. கலிபோர்னியாவில், தம் சொந்தக் குழந்தைகளோடு வேறு ஒரே ஒரு குடும்பத்தின் குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்பவருக்கு உரிமம் தேவையில்லை. இரண்டாவது குடும்பம் வந்ததும் அந்த விலக்கு போய்விடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் குடும்பங்களை எண்ணாமல் தலைகளை எண்ணுகிறது: உரிமம் இல்லாத வீட்டில் 13 வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது, அவர்களில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது, பராமரிப்பவரின் சொந்தக் குழந்தை நான்கு வயதுக்குட்பட்டதாக இருந்தால் அதுவும் இந்த எண்ணிக்கையில் சேரும். உங்கள் மகனுக்கு மூன்று வயது என்பதைக் கவனியுங்கள். "என் பிள்ளையை எதற்கு எண்ண வேண்டும்" என்று கோபப்படுபவர்கள் உண்டு. தீப்பிடித்த வீட்டிலிருந்து நீங்கள் முதலில் தூக்கிக்கொண்டு ஓடப்போவது யாரை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் காரணம் விளங்கும்.

அடுத்தது, பதிலுக்குப் பெறுவது. இதைப் பணம் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 2009இல் இங்கிலாந்தில் ஒரே பணியைப் பகிர்ந்து செய்த இரண்டு பெண் காவலர்கள், ஒருவர் வேலைக்குப் போகும் நாளில் மற்றவர் இருவரின் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்று தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு காசுகூடக் கைமாறவில்லை. ஆனால் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட், ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்வதே ஒரு கைம்மாறு, ஆகவே இது பதிவு செய்யப்பட வேண்டிய பராமரிப்பு என்று முடிவு செய்தது. நாடு முழுக்க இது பேச்சானது. பிறகு அரசு தலையிட்டு, பணம் வாங்காமல் நண்பர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்குகூடப் பணம் வாங்காதவர்களுக்குத்தான். நீங்கள் இரண்டு குடும்பங்களிடம் மாதத் தொகை வாங்குகிறீர்கள்.

ஆகவே என் பதில்: உங்கள் ஏற்பாடு பெரும்பாலான சட்டங்களின்கீழ் உரிமம் அல்லது பதிவு தேவைப்படும் எல்லையைத் தொட்டுவிட்டது, அல்லது அதன் விளிம்பில் நிற்கிறது. அஞ்ச வேண்டாம். வீட்டில் நடத்தும் சிறு காப்பகங்களுக்கென்று பல இடங்களில் எளிமையான தனி உரிமம் இருக்கிறது. கலிபோர்னியாவில் சிறிய வீட்டுக் காப்பகம் என்ற வகையில் எட்டுக் குழந்தைகள் வரையிலும், பெரிய வகையில் 14 பேர் வரையிலும் அனுமதிக்கிறார்கள். அக்காவின் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் குழந்தை, தோழியின் குழந்தை, உங்கள் மகன் என்று பெயர், வயது, உறவு, வந்துபோகும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் பகுதியின் உரிம அலுவலகத்துக்குப் போங்கள். அந்தத் தாள் இருந்தால் அலுவலர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

கேள்வி: எங்களுடையது காலையில் இரண்டரை மணி நேரம் மட்டும் நடக்கும் விளையாட்டுப் பள்ளி. உறங்க வைப்பதில்லை, உணவு கொடுப்பதில்லை. "நீங்கள் பள்ளி, காப்பகம் இல்லை, அதனால் காப்பக உரிமம் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னார். கல்வித் துறையிலோ, "நீங்கள் பள்ளியே இல்லை" என்கிறார்கள். நாங்கள் யார்?

பதில்: நல்ல கேள்வி. உங்கள் எரிச்சல் நியாயமானது. மழலையர் கல்வி உலகம் முழுவதும் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒன்று. சிங்கப்பூரில் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் ஒரு சட்டத்தின்கீழும் பாலர் பள்ளிகள் கல்விச் சட்டத்தின்கீழும் தனித்தனியே இருந்தன. 2017இல் இயற்றி 2019 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இரண்டையும் ஒரே உரிம ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு முன்பருவக் கல்வி ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் முளைத்தவைதான் உங்கள் பள்ளி போன்ற ஆயிரக்கணக்கான தனியார் விளையாட்டுப் பள்ளிகள். பிற்பாடு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அவற்றுக்கென்று ஒழுங்குமுறை வழிகாட்டுதல்களை வகுத்து, மூன்று வயது நிரம்பாத குழந்தையைச் சேர்க்கக் கூடாது, 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் இருக்க வேண்டும் என்று சொன்னது.

குறைந்த நேரத்துக்கு விலக்கு அளிக்கும் இடங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் எவ்வளவு என்பதை நிமிடக் கணக்கில் பாருங்கள். இங்கிலாந்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் வீட்டுப் பராமரிப்பு பதிவுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் இரண்டரை மணி நேரம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பள்ளி என்பதற்கான விலக்கும் வயதோடு கட்டப்பட்டதுதான். அதே நாட்டில், பள்ளியே நேரடியாக நடத்தும் மழலையர் வகுப்பு தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதுவும் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளுக்குத்தான். இரண்டு வயது நிரம்பாத ஒரே ஒரு குழந்தை சேர்ந்தாலும் தனிப் பதிவு வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு அலுவலகங்களும் வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். உங்கள் நேரம், வயது வரம்பு, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, "இந்த நிறுவனத்துக்கு உங்கள் துறையின் அனுமதி தேவையில்லை என்பதை உறுதிப்படுத்தவும்" என்று எழுதிக் கொடுத்தால், அதுவரை "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு துறை விண்ணப்பப் படிவத்தைத் தேடத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, பெற்றோரே முறைவைத்து எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளத் திட்டமிடுகிறோம். இதற்கு அனுமதி வேண்டுமா?

பதில்: கூட்டுறவு ஏற்பாடுகளுக்கு விலக்கு தரும் சட்டங்களில் கலிபோர்னியாவின் சட்டம் தெளிவானது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் 12 குழந்தைகளுக்கு மேல் கூடாது. பெற்றோர் முறைவைத்தே பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுப்பில் இருப்பவர் அக்குழந்தைகளில் ஒருவருக்காவது பெற்றோராகவோ பாட்டி, அத்தை போன்ற நெருங்கிய உறவாகவோ இருக்க வேண்டும். பணமோ பொருளோ கைமாறக் கூடாது. உங்கள் பகுதியின் விதி எதுவாக இருந்தாலும் இந்த நிபந்தனைகளை நீங்களாகவே ஏற்றுக்கொள்வது நல்லது.

பெரும்பாலும் இத்தகைய ஏற்பாடுகள் எங்கே உடைகின்றன என்பதையும் சொல்கிறேன். மூன்றாவது மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு நேரம் கிடைக்காமல் போகும். "என் முறைக்கு ஓர் ஆளை வைத்துவிடுகிறேன், சம்பளத்தை நான் கொடுத்துவிடுகிறேன்" என்பார்கள். சம்பளம் வாங்கும் வெளியாள் ஒருவர் உள்ளே வந்த அந்த நாளிலேயே உங்கள் கூட்டுறவு காப்பகமாக மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து 20 குழந்தைகளுக்கான மழலையர் பள்ளி தொடங்க விண்ணப்பித்தேன். அறை 30 அடிக்கு 20 அடி. புத்தம் புதிய கட்டடம். இருந்தும் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் முறை இடம் போதாது என்றார்கள், இரண்டாம் முறை வெளியேறும் வழி சரியில்லை என்றார்கள். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார்களா?

பதில்: அலைக்கழிப்பு எங்கும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன இரண்டும் சரியான காரணங்கள்தாம்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவில் ஒரு குழந்தைக்கு உள்ளே 35 சதுர அடி, வெளியே விளையாட 75 சதுர அடி. ஆஸ்திரேலியாவில் உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே ஏழு சதுர மீட்டர். மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு. உங்கள் அறை 600 சதுர அடி. 35ஆல் வகுத்தால் 17 குழந்தைகள். அதோடும் முடியவில்லை. ஆய்வாளரின் அளவு நாடா சுவரிலிருந்து சுவர் வரை போவதில்லை. குழந்தை நின்று விளையாடக்கூடிய தரையை மட்டுமே அது அளக்கும். அலமாரிகள், மடித்து அடுக்கிய பாய்கள், உங்கள் மேசை, கழிப்பறைக்குப் போகும் நடைவழி எல்லாம் கழிந்துவிடும். இவை 90 சதுர அடியை அடைத்துக்கொண்டால் மீதி 510. அதாவது 14 குழந்தைகள். இங்கிலாந்தில் வயதுக்கேற்ப அளவு மாறும்: இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 3.5 சதுர மீட்டர், இரண்டு வயதினருக்கு 2.5, மூன்று முதல் ஐந்து வரை 2.3. அதாவது, தவழும் குழந்தைக்குத்தான் அதிக இடம். சின்னக் குழந்தைக்குச் சின்ன இடம் போதும் என்று நினைப்பவர்கள் தவழும் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

இரண்டாவது காரணத்தில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவு சமைத்த தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். உங்கள் கட்டடத்தில் கூரை கான்கிரீட்டாக இருக்கலாம். 2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் ஒரு காப்பகத்தில் 49 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே தீ காப்பகத்தில் தொடங்கவே இல்லை. அடுத்திருந்த கிடங்கில் பிடித்த தீ பரவி வந்தது. கிடங்காக இருந்த கட்டடத்தைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். ஆகவேதான் தீயணைப்புத் துறை உங்கள் அறையை மட்டும் பார்க்காமல் கீழ்த்தளத்தில் என்ன கடை இருக்கிறது, ஒட்டியிருக்கும் சுவருக்கு அப்பால் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்கிறது. கட்டடம் புதியது என்பதில் அவர்களுக்கு அக்கறையில்லை; கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது, இப்போது எதற்காகப் பயன்படப்போகிறது என்பதில்தான் அக்கறை.

முதல் மாடியைப் பொறுத்தவரை நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை ஒரு பகல் வேளையில், எந்த அவசரமும் இல்லாமல், படியில் இறக்கிக் கீழே கொண்டுபோய் நிறுத்த எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். ஒருவர் கைப்பிடியை எட்ட முடியாமல் படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக இறங்குவார். இன்னொருவர் விட்டுவந்த பொம்மைக்காகத் திரும்பி ஏறுவார். அந்தப் படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் போவதற்கு இன்னொரு வழி வேண்டும். இரண்டாவது படிக்கட்டுக்கு வீட்டு உரிமையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தரைத்தளத்தில் வேறு இடம் தேடுங்கள். இந்த முறை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த இடத்தின் வரைபடத்தை உரிம அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வழிபாட்டுத் தலம் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்கள். சரியா?

பதில்: இந்த விலக்கு உலகப் பொதுவானது அன்று. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சமய நிறுவனங்கள் நடத்தும் காப்பகங்களுக்கு நீண்டகாலமாக விலக்கு இருந்து வருகிறது. அரசு சமயக் கல்வியில் தலையிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அங்கேயும் அது தேய்ந்துகொண்டிருக்கிறது. அலபாமா மாநிலம் 2018இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசு நிதியுதவி பெறும் காப்பகம் எதுவாக இருந்தாலும், சமய நிறுவனமே நடத்தினாலும், உரிமம் பெற்றாக வேண்டும். பணியாளர்களின் குற்றப் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும். எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. என்ன கதை சொல்வது, என்ன பாடல் கற்பிப்பது என்பதில் விலக்குக் கேட்பது புரிகிறது. மின்கம்பி இணைப்புக்கும் சமயத்துக்கும் என்ன தொடர்பு என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்வி: 18 குழந்தைகளுக்கு நானும் ஓர் ஆயாவும் இருக்கிறோம். சமையலுக்கும் ஒருவர் உண்டு. ஆள் போதாது என்று குறிப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார் ஆய்வாளர். மூன்று பேர் போதாதா?

பதில்: சமைப்பவரை நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள், ஆய்வாளர் எண்ணவில்லை. குழந்தைகளின் மேல் கண் வைத்திருப்பவர் மட்டுமே கணக்கில் வருவார்.

மிச்சமுள்ள இருவர் போதுமா என்பது உங்கள் 18 பேரின் வயதைப் பொறுத்தது. அதை நீங்கள் எழுதவில்லை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர். இரண்டு வயதினரில் ஐந்து பேருக்கு ஒருவர் (2023 வரை நான்கு பேருக்கு ஒருவராக இருந்தது). மூன்று வயதுக்கு மேல் எட்டுப் பேருக்கு ஒருவர், தகுதி பெற்ற ஆசிரியர் இருந்தால் 13 பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவில் கைக்குழந்தைகள் நால்வருக்கு ஒருவர், மழலையர் 12 பேருக்கு ஓர் ஆசிரியர். ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்குட்பட்ட நால்வருக்கு ஒருவர், மூன்று வயதுக்கு மேல் பெரும்பாலும் 11 பேருக்கு ஒருவர். எல்லோருக்கும் நான்கு வயது என்றால் உங்கள் இருவரையும் ஏற்கும் சட்டம் உண்டு. அவர்களில் நால்வர் நடக்கத் தொடங்கியவர்கள் என்றால் இந்த மூன்று இடங்களில் எங்கும் ஏற்க மாட்டார்கள்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன என்றால், அவை எல்லாம் சரியாக நடக்கும் வேளைக்கானவை அல்ல. ஒரு குழந்தை கால்சட்டையை நனைத்துக்கொள்கிறது. ஆயா அதைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார். அதே வேளையில் வாசல் மணி அடிக்கிறது. ஒரு தந்தை முன்னதாகவே அழைத்துப்போக வந்திருக்கிறார், அவரிடம் கையொப்பம் வாங்க நீங்கள் போகிறீர்கள். இப்போது அறையில் 17 குழந்தைகளும் ஒரு திறந்த சன்னலும் இருக்கின்றன. நாளொன்றுக்கு இது எத்தனை முறை நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மதியம் எல்லோரும் உறங்கும்போது கலிபோர்னியாவில் 24 குழந்தைகள் வரை ஒரே ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மீதிப் பணியாளர்கள் கூப்பிட்டவுடன் வரும்படி அதே கட்டடத்தில் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஊழியர்களின் குழந்தைகளுக்காகக் காப்பகம் திறக்கப்போகிறோம். பெற்றோர் அதே வளாகத்தில்தான் இருப்பார்கள். உரிமம் வேண்டியதில்லை அல்லவா?

பதில்: பெற்றோர் அதே இடத்தில் இருந்தால் விலக்கு என்ற விதி, கடை அல்லது உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரம் குழந்தையை விட்டுவிட்டு அங்கேயே இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எட்டு மணி நேரம் வேலை செய்யும் தாய் அந்த வகையில் அடங்குவாரா என்பதைச் சட்டத்தின் சொற்களைப் படித்துத்தான் சொல்ல முடியும்; "வளாகம்" என்ற ஒரே சொல்லை நம்பிவிடாதீர்கள். இந்தியாவில் நிறுவனம் நடத்துகிறீர்கள் என்றால், காப்பகம் வைப்பது உங்கள் விருப்பமே அன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கும் அந்தக் கடமையை விரித்து, தாய் நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்வர உரிமை தந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு சேர்த்து இவற்றை உங்கள் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றாக நடக்கும் ஒரு மழலையர் பள்ளியை அதன் உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்குகிறேன். உரிமத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டு காலம் இருக்கிறது. அதுவரை நிம்மதிதானே?

பதில்: இல்லை. உரிமம் பொதுவாக ஒரு நபருக்கும் ஒரு முகவரிக்கும் சேர்த்துத் தரப்படுவது. கைமாறினாலும் இடம் மாறினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில், புதிய உரிமம் கிடைத்த பிறகே முழுத் தொகையும் கொடுக்கப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் இரண்டு வயது மகளைச் சேர்த்திருக்கும் இடத்தில் உரிமத்தைக் கேட்டேன். "எங்களுக்கு விலக்கு உண்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். இடம் தூய்மையாக இருக்கிறது, குழந்தையும் அழாமல் போகிறாள். மேற்கொண்டு கேட்டால் குழந்தையிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்று அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம், அம்மா?

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். விலக்கு என்பது குற்றம் அன்று. ஆனால் அது எதிலிருந்து விலக்கு என்பதைத்தான் பெற்றோர் பலர் கேட்பதில்லை. அரசு அதிகாரி முன்கூட்டி வந்து பார்த்து அனுமதி தர வேண்டியதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். குழந்தைக்கு அங்கே ஏதேனும் நேர்ந்தால் நடத்துபவரின் பொறுப்பு அதனால் ஓர் அணுவும் குறையாது. சில இடங்களில் மேற்பார்வைகூட முழுதாக விலகுவதில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகு, அரசு உதவித்தொகை பெறும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் உரிமத்திலிருந்து விலக்கு பெற்றதாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்யப்பட வேண்டும், பணியாளர்களின் கைரேகையை வைத்துப் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும். நெருங்கிய உறவினருக்கு மட்டும் மாநிலங்கள் தளர்வு தரலாம். உரிமம் வாங்காமல் வீடுகளில் குழந்தை பார்ப்பவர்களின் பின்னணியைச் சரிபார்த்துப் பட்டியலிட, கலிபோர்னியா டிரஸ்ட்லைன் என்ற பதிவேட்டை வைத்திருக்கிறது.

கணக்கு மீறப்படும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஒன்டாரியோவையே சொல்கிறேன். 2013இல் அம்மாகாணத்தின் வான் நகரில், உரிமம் இல்லாத ஒரு வீட்டுக் காப்பகத்தில் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அனுமதிக்கப்பட்ட ஐவருக்குப் பதிலாக அங்கே பல மடங்கு குழந்தைகள் இருந்தார்கள். மாகாணத்தின் குறைதீர்ப்பாளர் விசாரணை நடத்தினார். 2014இல் புதிய சட்டம் வந்தது.

நான் ஆய்வுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வருகைப் பதிவேட்டைக் கேட்பதற்கு முன்பு சுவரில் மாட்டியிருக்கும் பைகளை எண்ணிவிடுவேன். ஓரிடத்தில் பதிவேட்டில் 19 பெயர்கள் இருந்தன, கொக்கிகளில் 24 பைகள் தொங்கின. மிச்ச ஐந்து குழந்தைகளும் பின்னால் ஓர் அறையில் இருந்தார்கள். சிறிய குழந்தைகள், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, பெரியவர் யாரும் உள்ளே இல்லை. முன்னறை உங்கள் மகள் இருக்கும் இடத்தைப் போலவே தூய்மையாகத்தான் இருந்தது. பிறகு முழங்காலிட்டு, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிப் பார்ப்பேன். கைகழுவும் தொட்டிக்குக் கீழே தரை துடைக்கும் மருந்துப் புட்டி இருப்பது நின்றுகொண்டு பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டையும் நீங்களே செய்யலாம். மகளுக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரம் போதும்.

ஒரு நாள், வழக்கமாக அழைத்துவரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள். தம் குழந்தை உள்ளே இருக்கும்வரை, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்பதைப் பல சட்டங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. வாசலில் நிறுத்திவைத்து, குழந்தையை மட்டும் வெளியே கொண்டுவந்து தரும் இடமாக இருந்தால், உரிமம் இருந்தாலும் நான் என் பேத்தியை அங்கே விட மாட்டேன்.

குழந்தையிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்ற உங்கள் அச்சத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆகவே வாதமாகக் கேட்காதீர்கள். "என் அலுவலகத்தில் பராமரிப்புச் செலவுக்கான படிவம் கேட்கிறார்கள், எந்த விதியின்கீழ் விலக்கு என்பதை ஒரு வரி எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். உண்மையிலேயே விலக்கு பெற்றவர்களிடம் அந்த விதியின் எண் கைவசம் இருக்கும். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் வரவில்லை என்றால், உங்கள் பகுதியில் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு நீங்களே எழுதுங்கள். நடத்துபவரின் பெயரும் முகவரியும் இருந்தால் போதும், உங்கள் மகளின் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை.